மாங்கனிக்குத் தைத்த டவுசர்

பிள்ளைகளே, உங்கள் பெரியம்மா மகன் கொடுத்தனுப்பிய பை இன்னும் கதவுக்குப் பின்னால்தான் கிடக்கிறது. நீங்கள் பிரிக்கவில்லை. நான் பிரித்துப் பார்த்தேன். நல்ல பருத்திச் சட்டைகள். ஒரு பட்டன்கூட உதிரவில்லை. "அண்ணன் போட்டதாப்பா? எங்களுக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு, இரண்டு பேரும் செல்போனில் புதுச்சட்டை தேட உட்கார்ந்தீர்கள். போன மாதம் அப்படிச் செல்போனில் வாங்கிய புதுச்சட்டை ஒன்று முதல் துவையலிலேயே பக்கத்தில் கிடந்த என் வேட்டியை ஊதாவாக்கியது. அதையும் நான்தான் கட்டிக்கொண்டு திரிகிறேன்.

நான் பத்தாவதுக்கு மேல் படிக்காதவன். கோர்வையாகச் சொல்ல வராது. பேச ஆரம்பித்தாலோ நீங்கள் எழுந்து போய்விடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். என் வயசுக்காரர்கள் யார் கையிலாவது இது கிடைத்தால் அவர்களும் படிக்கட்டும். டவுசர் என்று சொன்னதுமே அவர்களுக்குப் பாதி விளங்கிவிடும்.

எழுபதுகளின் கடைசி. நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். வீடு தருமபுரத்தில். அப்பா காரைக்கால் முனிசிபாலிட்டியில் பியூன். பெரியவர்கள் அப்போதும் அந்த ஆபீசை 'மேரி' என்று பிரெஞ்சுக்காரன் வைத்த பெயரில்தான் சொல்வார்கள். அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை. மேரியில் வேலை பார்க்கிறவன் வீட்டுப் பிள்ளை வருஷத்தில் இரண்டு தடவை புதுசு போட வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். ஒன்று தீபாவளி. இன்னொன்று மாங்கனி.

மாங்கனித் திருவிழா உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனி மாதம் சாமி வீதி உலா வரும்போது மாடியிலிருந்தும் மொட்டைமாடியிலிருந்தும் ஜனங்கள் மாம்பழத்தை வாரி இறைப்பார்கள். கீழே நிற்கிற கூட்டம் பிடிக்கும். பிள்ளை இல்லாதவர்கள் அந்தப் பழத்தைச் சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்று நம்பிக்கை. மாம்பழக் கறை சாமானியத்தில் போகாது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். மாம்பழ மழை பெய்கிற தெருவுக்குப் போக ஒருத்தன் புதுத்துணி எடுப்பானா? எங்கள் அப்பா எடுப்பார். கூடவே, "கறை பட்டுச்சு, தோலை உரிச்சிடுவேன்" என்றும் சொல்வார்.

அந்த வருஷம் டெரிலின் துணி எடுத்து வந்தார். சட்டைக்கு ரோஸ், டவுசருக்குச் சாம்பல். கடைத்தெரு டெய்லர் அளவு எடுக்கும்போது அப்பா பக்கத்திலேயே நின்றார்.

"இடுப்புக்கு எவ்வளவு விடட்டுங்க?" என்று டெய்லர் கேட்டார்.

"வளர்ற புள்ள. தாராளமா விடுங்க."

"விட்டிருக்கேங்க."

"இன்னும் விடுங்க. ரெண்டு மூணு வருஷமாச்சும் வரணும்."

டெய்லர் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏங்க, இவன் வளரப் போறானா, இல்ல உள்ள இன்னொருத்தனையும் சேத்துக்கப் போறானா?"

அப்பா சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்த உடுப்பின் கணக்கு என்னவென்று கேளுங்கள். முதல் வருஷம் தொளதொளவென்று இருக்கும். அதனால் அம்மா எடுத்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிடுவாள். அடுத்த வருஷம் ஒரு மாதிரி அளவுக்கு வரும்போது நிறம் போயிருக்கும். அதற்கடுத்த வருஷம் அக்குளில் கிழியும். ஆக, புதுசாகவும் அளவாகவும் ஒரு உடுப்பை நான் போட்ட நாளே கிடையாது. புதுசு போட்டால் கழுத்து அரிக்கும். கஞ்சி முடமுடவென்று தொடையை அறுக்கும். கடை மாவு வாசனை வேறு மூக்கில் ஏறும். இவ்வளவையும் பட்டுக்கொண்டு, பார்க்கிறவர்களிடம் "புதுசு" என்று இளிக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு எதிரே சொல்தா வீடு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். சொல்தா காலமாகி, அந்த அம்மா மட்டும் மாடி வீட்டில் இருந்தார்கள். மகளும் பேரப்பிள்ளைகளும் பிரான்சில். வருஷா வருஷம் கோடையில் அங்கேயிருந்து ஒரு பெட்டி வரும். பேரப்பிள்ளைகள் வளர்ந்து, சேராமல் போன துணிகள். அந்த அம்மா அவற்றைத் துவைத்து, இஸ்திரி போட்டு, தாழ்வாரத்தில் நாடாக்கட்டிலின் மேல் அடுக்கி வைப்பார்கள். வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சும்மா கொடுக்க மாட்டார்கள்.

"சும்மா குடுத்தா நாளைக்கு என் முகத்தைப் பாக்கக் கூச்சப்படுவீங்க. ஏதாவது குடுத்துட்டு எடுத்துக்கிட்டுப் போங்க. அப்பதான் அது உங்களுது" என்பார்கள். ஒருத்தர் முருங்கைக்காய் கொடுப்பார். ஒருத்தர் கருவாடு. சேராமல் போனால் திரும்பக் கொண்டுவந்து கட்டிலில் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். கடை மாதிரியும் இருக்கும், கடை மாதிரியும் இருக்காது.

அம்மா ஒருநாள் மத்தியானம், அப்பா ஆபீசில் இருந்த நேரத்தில், என்னை அங்கே கூட்டிப் போனாள். கூடவே சின்னம்மாவும் வந்தது. சின்னம்மா அம்மாவின் தங்கை. கல்யாணமாகி வருஷங்கள் போய்விட்டன, பிள்ளை இல்லை. பெற்றவர்களும் இல்லை. அதற்கு எங்கள் வீடுதான் தாய்வீடு. மாங்கனிக்கென்று வந்திருந்தது.

கட்டிலில் ஒரு பனியன் இருந்தது. வெள்ளையில் நீலக் கோடு, முழங்கை வரைக்கும் கை. கழுத்தின் உட்பக்கம் சிவப்பு நூலில் யாரோ ஒரு பையனின் பெயர். என்ன பூ என்று தெரியாத ஒரு வாசனை. போட்டுப் பார்த்தேன். கையைத் தூக்கினேன், குனிந்தேன், திரும்பினேன். எங்கேயும் பிடிக்கவில்லை, எங்கேயும் தொங்கவில்லை. சுருங்க வேண்டியது சுருங்கி, போக வேண்டிய சாயம் போய், விட வேண்டிய தையல் விட்டு மறுபடி போடப்பட்டு, எல்லாச் சண்டையும் முடிந்து சாதுவாக இருந்தது. உடுப்பு என்றால் இப்படியும் இருக்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கேக்கா" என்றது சின்னம்மா.

"அளவெடுத்துத் தச்சாதான் இவனுக்குச் சேராதே" என்றாள் அம்மா.

சொல்தா வீட்டம்மா சிரித்துவிட்டார்கள். அம்மா ஒரு கட்டு முருங்கைக்காய்க்குப் பேசி முடித்தாள்.

சாயங்காலம் அப்பா வந்தார். சைக்கிளை நிறுத்தும்போதே பார்த்துவிட்டார்.

"யாரு போட்டது இது?"

"எதிர்த்த வீட்டம்மா பேரன் போட்டதுங்க. நல்லா வெளுத்து, இஸ்திரி போட்டுத்தான்..."

"கழட்டச் சொல்லு."

"ஏங்க, மாங்கனியன்னிக்கு மட்டும் போடட்டுங்க. கறை பட்டாலும் போயிட்டுப் போகுது."

அப்பா சைக்கிள் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றார். "வெள்ளைக்காரன் போனப்ப, எந்த நாட்டுக்காரனா இருக்கேன்னு எழுதிக் குடுக்கச் சொன்னாங்க. அந்த வீட்டுக்காரரு பிரெஞ்சுக்காரனாவே இருக்கேன்னு எழுதிக் குடுத்தாரு. எங்க அப்பா, பாக்கலாம் பாக்கலாம்னு இருந்து கெடுவை விட்டுட்டாரு. சரி, அது தலையெழுத்து. அதுக்காக அந்த வீட்டுப் புள்ள கழட்டிப் போட்டதை என் புள்ள மாட்டிக்கிட்டுத் தெருவுல நிக்கணுமா?"

அம்மா பனியனைக் கழற்றி மடித்தாள். எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது, விளங்கிய பிறகு கோபம் இன்னும் அதிகமாகத்தான் வருகிறது. தாத்தா போடாத கையெழுத்துக்கும் என் இடுப்பு அளவுக்கும் என்ன சம்பந்தம்?

பனியன் கட்டிலுக்கே திரும்பிப் போனது. முருங்கைக்காயைத் திருப்பி வாங்க அம்மாவுக்கு வெட்கம். இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிற மீன்பிடி ஊரான கிளிஞ்சல்மேட்டிலிருந்து வரும் கூட்டாளி அதே பனியனோடு வந்தான். அவன் அம்மா சொல்தா வீட்டுக்கு மீன் கொடுக்கிறவர்கள்.

"எங்கம்மா வெளமீன் குடுத்து எடுத்துச்சுடா. நல்லாருக்கா?" என்று சுற்றிக் காட்டினான்.

"ம்" என்றேன். அன்றைக்குப் பாடம் எதுவும் ஏறவில்லை.

சின்னம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். அதன் மாமியார் வீட்டில் வெளிப்படையாகவே பேச ஆரம்பித்திருந்தார்கள். வருகிற தை வரைக்கும் பார்ப்பது, அதற்கு மேல் மகனுக்கு வேறு இடம் பார்ப்பது என்று. கிணற்றடியில் அம்மாவிடம் சின்னம்மா அழுததை நான் கேட்டிருக்கிறேன். பழம் தரையில் படாமல் பிடிக்க வேண்டும், பிள்ளை வேண்டுகிறவளே பிடிக்கலாம், இல்லாவிட்டால் மகன் முறை உள்ள பிள்ளை பிடிக்கலாம் என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. சின்னம்மாவுக்கு மகன் முறை நான் ஒருத்தன்தான்.

"ஒரே ஒரு பழம் ராசா. கீழ விழாம பிடிச்சுக் குடுத்துடு. அது போதும் எனக்கு."

"பிடிச்சுடலாம் சின்னம்மா."

சும்மா சொல்லவில்லை. கொல்லையில் கிழிந்த டவுசரோடு நின்றுகொண்டு, கூட்டாளியை விட்டு ஓட்டின் மேலிருந்து பிஞ்சு மாங்காய் எறியச் சொல்லிப் பழகினேன். வலது பக்கம் எறிந்தாலும் பிடித்தேன், தலைக்கு மேல் எறிந்தாலும் எகிறிப் பிடித்தேன். சின்னம்மா துணி காயப்போட்டுக்கொண்டே பார்த்துச் சிரித்தது. அந்த வாரம் அது சிரித்தது அப்போதுதான்.

மாங்கனியன்று காலையில் டெய்லர் கடையிலிருந்து உடுப்பு வந்தது. டவுசர் முட்டிக்குக் கீழே இறங்கியது. இடுப்பில் நிற்கவில்லை. அம்மா ஒரு ஊக்கைக் குத்தி, அரைஞாண் கயிற்றை அதன் மேல் இழுத்துவிட்டாள். சட்டைக் கை முழங்கைக்குக் கீழே விறைத்துக்கொண்டு நின்றது. அப்பா தூரத்தில் நின்று பார்த்து, "எடுப்பா இருக்கான்" என்றார். சின்னம்மாவுக்கும் புதுப் பட்டுப்புடவை. மைத்துனிக்குக் குறை வைத்தான் என்று அதன் மாமியார் வீட்டில் பேசக் கூடாது என்று அப்பா எடுத்தது. "மடிப்புக் கலையாம கட்டிக்கிட்டு வா. கறை பட்டா அவங்க வீட்டுல என்னைத்தான் பேசுவாங்க" என்று அதற்கும் சொல்லிவைத்தார்.

தெருவில் கால் வைக்க இடமில்லை. வெயில், வியர்வை, மாம்பழ வாசனை. டெரிலினுக்குள் ஒரு பொட்டுக் காற்று போகவில்லை. மேளச் சத்தம் கிட்டே வரவர ஊக்கு பிடுங்கிக்கொண்டது. அது டவுசருக்குள் எங்கேயோ விழுந்து தொடையைக் குத்தியது. நான் இடது கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். சாமி கடந்ததும் பழம் விழ ஆரம்பித்தது. முன்னால் நின்ற பெண்கள் எல்லாரும் பழைய நூல் புடவையின் முந்தானையை விரித்துப் பிடித்தார்கள். சின்னம்மாவின் கையும் முந்தானைக்குப் போனது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தது. கையை எடுத்துக்கொண்டது.

மாடியிலிருந்து பழம் போட்டவர்களில் சொல்தா வீட்டம்மாவும் ஒருவர். அவர்களின் உறவுக்காரர் வீடு அது. சின்னம்மாவைப் பார்த்துவிட்டார்கள். என்னையும் பார்த்தார்கள். கூடையிலிருந்து நல்ல பழமாகப் பொறுக்கி, என்னைப் பார்த்து ஆட்டிக் காட்டிவிட்டு, பதமாக எறிந்தார்கள். இதைவிட லேசாக யாரும் எறிய முடியாது. கொல்லையில் இதைவிடக் கஷ்டமானதையெல்லாம் பிடித்தவன் நான்.

இரண்டு கையையும் தூக்கினேன். டவுசர் இறங்கியது. அத்தனை ஜனத்துக்கு நடுவில், முட்டி வரைக்கும். கை தானாகக் கீழே போய்விட்டது. பழம் என் விறைத்த சட்டைக் கையில் பட்டு, வழுக்கி, தரையில் விழுந்தது. யாரோ ஒருவர் கால் அதன் மேல் பதிந்தது.

"அடடே, மானம் போச்சே" என்று ஒரு குரல். சுற்றிலும் சிரிப்பு. சின்னம்மா சிரிக்கவில்லை. குனிந்து என் டவுசரைத் தூக்கி, அரைஞாணை முடிந்துவிட்டது. "பரவாயில்ல ராசா, பரவாயில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அப்பா என் சட்டைக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், கறை பட்டதா என்று.

கூட்டம் நகர்ந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து கூட்டாளி வந்தான். கோடு போட்ட பனியனின் கீழ்ப்பக்கத்தை மடியாக மடித்து, அது நிறையப் பழம். மார்பெல்லாம் சாறு. அந்த மாதிரி பனியனை இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். அவனுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. என் முகத்தையும் சின்னம்மாவின் முகத்தையும் பார்த்தான். ஒன்றை எடுத்து நீட்டினான்.

"இந்தாங்க சின்னம்மா. இது கீழ விழல. சத்தியமா நான் பிடிச்சது."

அப்பா குறுக்கே வந்தார். "நீ பிடிச்சது உனக்குத்தான்டா. முறை உள்ள புள்ள பிடிக்கணும். அடுத்தவன் பிடிச்சு வாங்குனது எப்படிப் பலிக்கும்?"

சின்னம்மா அப்பாவுக்கு எதிரில் நிமிர்ந்துகூடப் பேசாது. அன்றைக்குப் பழத்தை வாங்கிக்கொண்டது. "பலிக்குதோ இல்லையோ, எனக்குப் பசிக்குது அத்தான்" என்றது. நின்ற இடத்திலேயே தோலைக் கடித்துத் துப்பிவிட்டுச் சாப்பிட்டது. சாறு முழங்கை வழியாக வழிந்து பட்டுப்புடவையில் சொட்டியது. அதைத் துடைக்கவேயில்லை.

தை வந்தது, போனது. சின்னம்மா வீட்டுக்காரர், வேறு இடம் பார்க்கிற பேச்சை எடுத்தால் வீட்டைவிட்டுப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டாராம். நல்ல மனுஷர். அதன் பிறகு ஒரு மாங்கனி போய் அடுத்த மாங்கனி வருவதற்குள் சின்னம்மா எங்கள் வீட்டுக்கு வாயும் வயிறுமாகப் பிரசவத்துக்கு வந்தது. பழத்தாலா, ஆஸ்பத்திரி மருந்தாலா, எனக்குத் தெரியாது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் யார் பிடித்த பழம் என்ற பேச்சும் வரும்.

பெண்குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த நாள் காலையில்தான் சிக்கல். பிறந்த பிள்ளைக்கு நாம் புதுத்துணி போடுவதில்லை. பழைய துணிதான், அதுவும் நல்லபடியாக வளர்ந்த பிள்ளைகள் போட்ட துணியாக இருந்தால் இன்னும் விசேஷம். பச்சை உடம்புக்குப் புதுசு ஆகாது, கீறும். அம்மா டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தாள். டெரிலின். நைலக்ஸ். அப்பாவின் டெரிகாட்டன் வேட்டி. பருத்தியில் பழசு என்று கைக்கு அடக்கமாக ஒன்றுமில்லை. பழசு வீட்டில் இருந்தால் தரித்திரம் என்று அப்பா சொல்லிச் சொல்லி, அம்மா எல்லாவற்றையும் தெருவில் வருகிற பாத்திரக்காரனிடம் போட்டு எவர்சில்வராக மாற்றியிருந்தாள். அலமாரி நிறையத் தூக்கும் தட்டும் பளபளவென்று இருந்தன. பிள்ளையைத் தூக்குவாளியிலா வைக்க முடியும்?

குழந்தை வீறிட்டது. ஆஸ்பத்திரியில் சுற்றிக்கொடுத்த துணி நனைந்துவிட்டது. அம்மா அப்பாவின் டெரிகாட்டன் வேட்டியில் ஒரு முனையை எடுத்துக் குழந்தையின் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அது இன்னும் கத்தியது.

"எதிர்த்த வீட்டுல கேட்டா இருக்கும்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

அப்பா சட்டையை மாட்டினார். கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டார். கொல்லைக்குப் போய் முருங்கை மரத்தை அண்ணாந்து பார்த்தார். நான்தான் ஏறிப் பறித்துக் கொடுத்தேன். அந்தக் கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, பட்டப்பகலில், மேரியில் வேலை பார்க்கிறவர் தெருவைக் கடந்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன்.

சொல்தா வீட்டம்மா கதவைத் திறந்தார்கள். "வாங்க தம்பி. என்ன புள்ள?" என்றுதான் கேட்டார்கள். வேறொன்றும் கேட்கவில்லை. அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். ஒவ்வொன்றாக எடுத்து, புறங்கையில் தேய்த்துப் பார்த்தார். பிறகு கன்னத்தில் வைத்துப் பார்த்தார். துணிக்கடையில் அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. அங்கே மடிப்பைத்தான் பார்ப்பார்.

திரும்பி வரும்போது கை நிறையத் துணி. அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அடியிலிருந்து அந்தக் கோடு போட்ட பனியன் வந்தது. கூட்டாளிக்குச் சேராமல் போய், அவன் அம்மா திரும்பக் கட்டிலில் வைத்திருக்கிறார்கள். நீலம் வெளுத்து வான நிறமாகியிருந்தது. துணி தேய்ந்து, ஊதினால் பறக்கும் போல இருந்தது. மார்பில் மட்டும் பழுப்பாக ஒரு கறை, எத்தனை வெளுத்தும் போகாதது.

சின்னம்மா பாயிலிருந்து கையை நீட்டியது. "அதக் குடுக்கா." குழந்தையை அதில் சுற்றியது. சிவப்பு நூல் பெயர் குழந்தையின் தலைமாட்டில் வந்தது. அழுகை நின்றது.

அப்பா குனிந்து துணியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். "நல்ல துணி. எவ்வளவு பதமா இருக்கு பாரு" என்றார். "யாரு போட்டது இது?"

"அந்தம்மா பேரன் போட்டது. அப்புறம் கிளிஞ்சல்மேட்டுப் புள்ள போட்டது" என்றாள் அம்மா. குழந்தையின் காலை உள்ளே தள்ளி மூடிவிட்டுச் சொன்னாள்: "நம்ம புள்ள போடாதது."

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அந்த மாங்கனிக்குத் தைத்த சாம்பல் டவுசரோடுதான் நின்றுகொண்டிருந்தேன். அந்த மாதம்தான் அது எனக்கு அளவாக வந்திருந்தது. பின்பக்கம் கிழிந்திருந்தது.